வாசலில் வால் நட்சத்திரம்

மார்கழியில் செவிலிமேட்டின் எல்லா வாசல்களிலும் கோலம் பெரிதாகிவிடும். அம்மாவும் போடுவார். எங்களுடையது கிறிஸ்தவ வீடு என்பதால் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடுவே ஒரு வால் நட்சத்திரம் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர், ஆராதனை முடிந்ததும் அம்மாவை நிறுத்தினார்.

“கோலம் நம்ம வழக்கம் இல்லம்மா. அது இருக்கிற வீட்டுக்குக் கேரல் வராது.”

கேரல் குழு வீட்டுக்குள் வந்து பாடுவதுதான் அம்மாவுக்குப் பண்டிகை. ஆனாலும் அவர் மசியவில்லை. சபை மூலையில் பஞ்சு ஒட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தைக் காட்டினார்.

“இது மட்டும் பெத்லகேம்ல முளைச்சுக்கினு இருந்துச்சா? காஞ்சிபுரத்துல எப்ப ஸ்னோ கொட்டுச்சு பாஸ்டர்?”

“அது உலகம் பூரா இருக்கிற வழக்கம்மா.”

“எங்க தெரு உலகத்துல இல்லியா?”

அந்த மரம் ஜெர்மானியர் வீடுகளிலிருந்து பரவியது. டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதியே பைபிளில் கிடையாது. அந்தந்த ஊர் தன்னிடம் இருந்ததை இயேசுவின் பிறப்புக்குக் கொடுத்தது. எங்களிடம் இருந்தது கோலமாவு.

கேரல் நாளில் அம்மா தெருவின் பாதி வரைக்கும் கோலத்தை இழுத்துவிட்டார். சாயங்காலம் பாஸ்டர் அதைச் சுற்றிக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டி நடந்தார். பின்னால் பாடிக்கொண்டு வந்த பெண்கள் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கோடும் அழியாமல் ஓரமாக நடந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள்.

அவர்கள் பாடி முடிக்கும் வரை பாஸ்டர் பக்கத்து வீட்டு வாசலில் காத்திருந்தார். அங்கேயும் கோலம்தான் இருந்தது.