மண்ணாங்கட்டியின் இருபத்துநாலு வோல்ட்

மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் அவருக்கு அந்தப் பெயர். பெயர் வேலை செய்தது. ஐம்பத்தெட்டு வயது வரை காய்ச்சல் என்று படுக்காமல் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் மீன் பிடித்தார். 2003 கோடையில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்தவள் நான்.

கை பாதிதான் திரும்பியது. வலையை இழுக்க வலது கையும் பல்லும் போதும் என்றார் அவர். துடுப்புக்கு இரண்டு கை வேண்டுமே.

ஏரியைக் குத்தகை எடுத்தவர்கள் ஐந்து பேர். முறை வைத்து ஒருவர் தனியாகப் படகில் போய் வலை விடவேண்டும். குழுவுக்குத் தலைவன் இளஞ்செழியன், பி.காம். படித்தவன். “ஆயுத பூசை முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை உங்க முறை மாமா. நீங்களே போய் வலை உட்டுட்டு வந்துட்டா பங்கு உங்களுது. இல்லன்னா என் தம்பி எறங்குவான்,” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

என் கட்டிலுக்கடியில் ஒரு மின்சார மோட்டார் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. முன்பு நான் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. படகின் பின்னால் மாட்டி, ஒற்றைக் கையால் திருப்பி ஓட்டலாம். அதை மண்ணாங்கட்டிக்குக் கொடுத்தேன்.

முதலில் ஒரு லாரி பேட்டரியை மாட்டினார்கள். படகு ஆமை போல நகர்ந்தது. பேட்டரிக் கடை ராமகிருஷ்ணன் மோட்டாரின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “இது இருபத்துநாலு வோல்ட்டுங்க. பன்னெண்டு பன்னெண்டா ரெண்டு வேணும்,” என்றார். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு தடித்த ஒயரால் இணைத்து, மீதி இரண்டு முனைகளை மோட்டாருக்குக் கொடுத்தார். படகு நன்றாகவே போனது. பத்து நாள் ஓட்டிப் பழகினார் மண்ணாங்கட்டி.

முறைக்கு முந்தைய நாள் நான் போனபோது அவர் கரையில் உட்கார்ந்திருந்தார்.

“மோட்டார் முனகுதும்மா. இழுக்க மாட்டேங்குது.”

ராமகிருஷ்ணன் கடையிலிருந்து வந்து, மோட்டாரை ஓட்டாமல் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருபத்தைந்து காட்டியது. “பேட்டரி ஜோரா இருக்குது. மோட்டார்தான் போயிடுச்சி. இதுக்கு இங்க எவன்கிட்ட பார்ட்ஸ் இருக்கும்?”

மண்ணாங்கட்டி நல்ல கையால் கெட்ட கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

படுத்திருப்பவரின் நாடியை மட்டும் பார்த்து இதயம் சரி என்று சொல்ல முடியாது. நாலு படி ஏறவிட்டுப் பார்க்க வேண்டும். “ஓடும்போது, மோட்டார்கிட்ட வச்சு பாருங்க,” என்றேன்.

படகைக் கரையில் கட்டியபடியே மோட்டாரை ஓட்டினார்கள். மீட்டர் பதினாறுக்கு இறங்கியது. ராமகிருஷ்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, காய்ச்சல் பார்ப்பது போல பேட்டரிகளின் நான்கு இணைப்புகளையும் புறங்கையால் தொட்டேன். மூன்று சில்லென்று இருந்தன. நான்காவது சுட்டது.

ஒயரைப் பேட்டரி முனையோடு கவ்வியிருந்த அந்தக் கிளாம்ப்பைக் கழற்றியதும் உள்ளே காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்.

மண்ணாங்கட்டியின் மனைவி பாஞ்சாலை பக்கத்தில்தான் நின்றாள். “ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சி பொட்டு வச்சேன். அந்த செவப்பு ஒயரு மாட்டுனதுதான் பெருசுன்னு அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சேன்.”

“அடியே, கிளாம்ப்புக்கு உள்ளயா வைப்பாங்க? கரண்ட் எப்படிப் போவும்?”

“வெளிய வச்சா அழிஞ்சிடுது. போன வருசம் துடுப்புக்கு வச்சது அன்னிக்கே போயிடுச்சி. அப்ப மட்டும் சாமி கும்பிடலன்னு திட்டுன இல்ல?”

ராமகிருஷ்ணன் நான்கையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே வாஸலின் தடவினார். இப்போது மோட்டார் ஓடும்போதே மீட்டர் இருபத்துநாலுக்குப் பக்கத்தில் நின்றது. “மோட்டார் மேல பழியப் போட்டுட்டேன்,” என்று மீட்டர் ஒயரைச் சுருட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மண்ணாங்கட்டி தனியாகப் போனார். வலது கையால் மோட்டாரைப் பிடித்து நடு ஏரிக்குப் போய், அதை நிறுத்திவிட்டு அதே கையால் வலை விட்டார். இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. கரையில் இளஞ்செழியனும் அவன் தம்பியும் காத்திருந்தார்கள். படகு வந்ததும் தம்பி இறங்கிக் கயிற்றைப் பிடித்தான்.

“உடுறா. நான் கட்டிக்கிறேன்,” என்றார்.

பல்லால் ஒரு முனையைக் கடித்து, கட்டி முடிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இளஞ்செழியன் அவர் எழுந்து நிற்கும்வரை பார்த்துவிட்டு, “அடுத்த முறை புதன்கிழமை மாமா,” என்றான்.