மணி அடித்தால் உள்ளே இழுபடும் சத்தம்

அவுஸ்திரேலியாவில், ஸ்பிரிங்வேலில் நான் குளிப்பாட்டப் போகும் போலந்துக் கிழவர் யானெக்கை, அவருடைய 'ஒன்றுவிட்ட தம்பி' பாவெல் வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். முதியோர் பராமரிப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லித்தான் பழக்குவார்கள். நான் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன்.

மணியை அடித்தால் உள்ளே எதையோ இழுக்கும் சத்தம். அது நின்ற பிறகே கதவு திறக்கும். இருவரும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார்கள். முதுகில் சோப் போடும்போது யானெக் கேட்பார்: "இங்க பாக்கிறதை ஆருக்குச் சொல்லுவாய்?"

இழுபடுவது பிணம் என்று முடிவு கட்டினேன். கிழமைக்குக் கிழமை அதே பிணமா என்று யோசிக்கவில்லை.

மேலாளர் கவிதா மதுரைக்காரி. அவரிடம் போனில் சொன்னேன்.

"அடிச்ச காயம் ஏதாச்சும் பாத்தீங்களா அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. சத்தம் மட்டும் கேக்குது."

"நாளைக்கு நல்லா பாத்துட்டு ரிப்போர்ட் போடுங்க. சந்தேகம்னா தாத்தாவை முதியோர் ஹோமுக்கு மாத்திடலாம்."

மறுநாள் யானெக்கின் தலையில் ஷாம்பு நுரைக்கும்போது மணி அடித்தது. ஜன்னலால் பார்த்தால் பொலிஸ். பாவெல் வயதுக்கு மீறிய வேகத்தில் பின்கதவால் ஓடினார். குடியுரிமை, வீட்டுக்கடன் எல்லாம் உள்ள நான் ஷவர் திரைக்குப் பின்னால் போனேன்.

யானெக் மட்டும் துவாயைச் சுற்றிக்கொண்டு, கதவடியில் இருந்த பையை எடுத்தார். டூத் பிரஷ், கம்பளிக் காலுறை. எனக்கு அந்தப் பையைத் தெரியும். கொழும்பு லொட்ஜில், சுற்றிவளைப்பில் பொலிஸ் பிடித்தால் கொண்டுபோக நானும் ஒன்று வைத்திருந்தேன்.

கதவைத் திறந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "நான் தனிய இருக்கிறன். வேற ஆம்பிளை ஒருத்தரும் இங்க இல்லை."

பொலிஸ்காரப் பெண் திகைத்துப்போனாள். தெருவில் களவுபோன காரைப் பற்றி விசாரிக்க வந்தவள் அவள்.

அவள் போனபின் பாவெல் வந்து யானெக்கின் நுரையைத் துடைத்தபடி சொன்னார். போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில், ஆணை நேசித்த ஆண்களைப் பொலிஸ் விடியவே வந்து அள்ளிக்கொண்டு போகுமாம். கைரேகை, படம், பிறகு ஒரே கேள்வி: "வேற ஆர்?" யானெக் அடி வாங்கினார், பாவெலின் பெயரைச் சொல்லவில்லை.

"இது அவுஸ்திரேலியா எண்டு அவனுக்குத் தெரியும்," என்றார் பாவெல். "மணி அடிச்சா மறந்துபோகும்."

கவிதாவிடம், இருவரையும் பிரிக்க வேண்டாம் என்றேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, அந்த வீட்டில் மணி அடிக்காதீர்கள். வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பிணம் ஏதும் இல்லை. மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும், சேர்த்துப் போட்டிருந்த இரண்டு கட்டில்களை அவர்கள் இழுத்துத் தள்ளி வைத்தார்கள்.