வெளியே வரச் சொன்னவர்கள்

வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த வீட்டு மகள் எனக்குச் சொன்ன முதல் விஷயம், கதவைத் தட்டக்கூடாது என்பது. கீழே லொபியிலிருந்து போன் எடுத்து, நான்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேலே போய்த் திறப்பைப் போட்டுத் திறக்க வேண்டும். அம்மாவுக்குத் தட்டுகிற சத்தம் ஆகாது என்றார். காரணம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ரில் இருந்துகொண்டு, பஸ்ஸும் சப்வேயும் மாறி நகரத்தின் மறுபக்கம் போய்வந்தேன். அந்த அம்மா யூதப் பெண். அறுபதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து, ஒப்பரேசன் செய்து, எட்டாவது மாடி அப்பார்ட்மென்ரில் தனியாக இருந்தார். சமைத்துக் கொடுப்பதும் நடக்கப் பழக்குவதும் என் வேலை. நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அதில் பேசியதெல்லாம் என் நினைவில் என்னுடைய பேச்சாகவே தங்கிவிட்டது.

அவர் படுக்கும்போதும் சப்பாத்தைக் கட்டிலின் ஓரத்தில், கால் வைத்தவுடன் புகும்படி வைப்பார். உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் இருக்கும். சுவர் அலுமாரி வெறுமையாகக் கிடக்கும். ஒருநாள் தோய்த்த சட்டைகளை அதற்குள் கொழுவப் போனேன்.

"அதுக்குள்ள ஒண்டும் வைக்காதை. இடம் வேணும்."

"என்னத்துக்கு அன்ரி?"

"எனக்கு."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

போலந்தில் ஒரு சிறிய நகரம். ஜெர்மன்காரர் வந்து, யூதர்களையெல்லாம் சில தெருக்களுக்குள் அடைத்துப் பலகை வேலி போட்டார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. ஒரு காலை தெருமுனையில் லொறிகள் வந்து நின்றன. ஒலிபெருக்கி பேசியது. எல்லாரும் வெளியே வாருங்கள், வேறு ஊரில் வேலை இருக்கிறது, குளிருக்குக் கோட் எடுங்கள், ஒன்றும் நடக்காது. தாய் தம்பிக்குக் கோட் போட்டுவிட்டார். அவன் பச்சைக் குழந்தை. ஒளித்து வைத்தால் அழுதுவிடுவான். மகளை மட்டும் அலுமாரிக்குள் விட்டு, உடுப்புகளை முன்னால் இழுத்து மறைத்தார்.

"ஆர் கூப்பிட்டாலும் வெளியில வராதை. நான் கூப்பிட்டாலும் வராதை."

பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது. கதவை இடித்தார்கள். அறைக்குள் வந்து போனார்கள். பிறகு கீழே தெருவிலிருந்து தாயின் குரல் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒருமுறை அல்ல.

"நான் போகேல்லை," என்றார் அன்ரி. "அடிச்சுக் கூப்பிட வைச்சவங்களோ, இல்லாட்டி அம்மா மனம் மாறினவவோ, தெரியேல்லை. இண்டைக்கும் தெரியேல்லை."

இருட்டியபின் வேலிப் பலகைக்குள்ளால் புகுந்து, முன்பு அவர்கள் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்க வந்த கிறிஸ்தவப் பெண்ணிடம் ஓடியிருக்கிறார். அந்தப் பெண் யுத்தம் முடியும்வரை மாட்டுக்கொட்டிலின் பரணில் வைத்துக் காப்பாற்றினாள். தாயும் தம்பியும் திரும்பி வரவில்லை. அன்ரி மற்ற அநாதைப் பிள்ளைகளோடு கப்பலேறிக் கனடாவுக்கு வந்தார்.

நான் விட்டுவந்த எங்கள் ஊரிலும், யுத்தத்தில், ஆமியின் ஒலிபெருக்கி அப்படித்தான் கூப்பிட்டது. எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாருங்கள், ஒன்றும் நடக்காது என்றது. அண்ணன் போனார். ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்க நிறுத்தியிருந்த முகம் மூடிய தலையாட்டி அவரைப் பார்த்துத் தலையாட்டவில்லை, அதனால் வீடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெடியன் வரவில்லை. இதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு பின்னேரம், நான் சூப்புக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டடத்தின் அலாம் அடித்தது. அது சும்மா அடிப்பதுண்டு என்பதால் முதலில் கவனிக்கவில்லை. பிறகு புகை மணத்தது. நடைபாதை ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல், எல்லாரும் உடனே வெளியேறுங்கள் என்றது.

அறைக்குள் ஓடினேன். கட்டில் வெறுமை. அலுமாரியைத் திறந்தால், அன்ரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மற்றக் கையால் என் வாயைப் பொத்தினார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நடைபாதையில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு கதவாக இடித்து வந்தார்கள். எங்கள் கதவிலும் இடித்தார்கள்.

"ஆரும் உள்ளுக்கு இருக்கிறீங்களோ? வெளியில வாங்கோ!"

தீயணைப்புக்காரர்தான். அது எனக்குத் தெரியும். நான் கத்தினால் கதவை உடைத்து அன்ரியைத் தூக்கிப் போவார்கள், கத்தாவிட்டால் புகை வரும். சத்தம் அடுத்த கதவுக்குப் போனது.

அவருடைய விரல்களை மெல்ல விலக்கி, காதுக்குள் சொன்னேன். "அன்ரி, நான் உங்களை வெளியில வரச் சொல்லேல்லை. நான் போறன். தனியப் படியிறங்க எனக்குப் பயமாயிருக்கு. என்னோட வாறீங்களோ?"

அன்ரி அலுமாரிக் கதவைத் தள்ளிக் கட்டிலோரத்துக்கு வந்தார். பிறகு சப்பாத்துக்குள் காலை விட்டார்.

ஒவ்வொரு படியிலும் குந்தியிருந்துதான் இறங்கினோம். கீழே போகப் போகப் புகை தடித்தது. எதிரே ஏறி வந்த ஒரு தீயணைப்புக்காரன் அவரைத் தூக்கக் குனிந்தான். அன்ரி கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் தலையசைத்து மறுத்தேன். அவன் முகமூடியைக் கழற்றினான், சின்ன வயசு. டோர்ச் அடித்தபடி பின்பக்கமாக எங்களுக்கு முன்னால் இறங்கினான்.

வெளியே பனி. குளிரில் நிற்பவர்கள் உள்ளே ஏறி இருக்கட்டும் என்று நகரசபை பஸ்கள் வந்து நின்றன. சீருடைக்காரர் ஆட்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்ரி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உதிலை நான் ஏறமாட்டன்."

"உள்ளுக்குச் சூடு, அன்ரி."

"ஏறமாட்டன்."

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. என் ஜக்கெற்றையும் அவருக்குப் போர்த்தி, மரத்தடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கண்ணாடிகளுக்குள்ளால் அயலவர்கள் எங்களை வெறித்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாடிக் குசினி ஒன்றின் அடுப்பில் பிடித்த நெருப்பு. ஒருவருக்கும் உயிராபத்து இல்லை.

ஆனால் அந்தக் குளிர் அன்ரியின் நெஞ்சில் இறங்கி நியூமோனியாவானது. ஆஸ்பத்திரி நடைபாதையில் மகள் என்மேல் பாய்ந்தார்.

"பஸ்ஸிலை ஏத்தியிருக்கலாம்தானே? நீ என்ன செய்துகொண்டு நிண்டனீ?"

"அவவை ஏத்தேலாது. அலுமாரிக்குள்ள இருந்து வந்ததே பெரிசு."

"என்ன அலுமாரி?"

அப்போதுதான் விளங்கியது. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா யுத்தத்தில் தப்பியவர் என்பது மட்டும். தட்டாதே என்று எனக்குச் சொன்னவருக்கு ஏன் தட்டக்கூடாது என்று தெரியாது. அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"என்னட்டைக் கேளாதேங்கோ," என்றேன். "அவவிட்டைக் கேளுங்கோ. இப்ப கேளுங்கோ."

அவர் உள்ளே போனார். நான் வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி வண்டி வந்து போனது. மகள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"நீ வீட்டை போ," என்றார். "இண்டைக்கு நான் அம்மாவோட நிக்கிறன்."

அன்ரி அதில் பிழைத்தார். மிசிசாகாவில் மகளின் வீட்டுக்குப் போய், அங்கே இன்னும் சில வருடங்கள் இருந்தார். என் வேலை அத்தோடு முடிந்தது.