முதுகுத் தண்டு நீரும் என் லட்டுப் பெட்டியும்

ஆஸ்பத்திரி வார்டில் லட்டு விநியோகம் செய்து அசடு வழிந்த ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியும். வாராவாரம் அவன் எழுதுவதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பல்லடத்தில் தறி ஓட்டும் என் சித்தப்பா பையன் — பழனிச்சாமி என்று வைத்துக்கொள்வோம் — மூன்று வாரமாகத் தலைவலியோடு இருந்திருக்கிறான். யார் கேட்டாலும், 'பரவால்லீங்க' என்றே பதில். ஒரு நாள் காலையில் மனைவி சரோஜாவைப் பார்த்து, 'ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?' என்று கேட்டானாம். கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்டவன்! அந்த 'ங்க'வைக் கேட்டுத்தான் அவள் நடுங்கிப்போய் எனக்கு போன் செய்தாள்.

அள்ளிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தோம். அவனுக்கு ஹெச்.ஐ.வி. உண்டு. அவனைத் தவிர அது சரோஜாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாத்திரை சாப்பிட்டு நன்றாகவே இருந்தான். 'நல்லாத்தான இருக்கறோம்' என்று போன வருஷம் அதை நிறுத்திவிட்டான் — இது எங்கள் இருவருக்குமே தெரியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்க, ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் குடியேறிவிட்டது.

முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்தார்கள். ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது.

நான் பழைய சர்க்கரை வியாதிக்காரன். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெரு முனை லேபுக்கு நிரந்தர வாடிக்கையாளர். ரிப்போர்ட் படிப்பதில் எனக்கு ஒரே கொள்கைதான்... கம்மி என்றால் நல்லது. சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், எதுவானாலும்!

பிரித்துப் பார்த்தேன். செல் எண்ணிக்கை — இரண்டு. ஐந்து வரை இருக்கலாம் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. சர்க்கரை — இருபது. இருபது சார், இருபது! நானும் எத்தனை வருஷமாகப் பாகற்காய் தின்கிறேன்? கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அம்மணி, எல்லாமே கம்மி! இனிப் பயமில்ல!" என்று கத்தினேன். கீழே ஓடிப்போய் லட்டு வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தேன். நான்கு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சரோஜா, அழுதுகொண்டே ஒரு லட்டைக் கடித்தாள்.

டாக்டரம்மா வந்தார்.

"என்னங்க விசேஷம்?"

"ரிப்போர்ட் நார்மலுங்க. எடுத்துக்குங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க... பத்திரிகைல எழுதறனுங்க."

"அதான பாத்தேன்" என்றவர், எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"உள்ள பூஞ்சை ஏகப்பட்டது இருக்குதுங்க. அதோட சண்டை போடத்தான் செல்லு வரோணும். ரெண்டே ரெண்டு இருக்குதுன்னா, சண்டைக்கு ஆளனுப்பக்கூட ஒடம்புல தெம்பில்லைன்னு அர்த்தமுங்க. இந்தத் தண்ணில சர்க்கரை எறங்கறதும் நல்லதில்லீங்க. ஆளு தேறுவாரா மாட்டாரான்னு இதை வெச்சுத்தான் நாங்க ஓரளவு கணிக்கறது. இப்போதைக்கு... கஷ்டந்தானுங்க."

சரோஜாவின் வாயில் பாதி லட்டு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ முறை மூக்குடைபட்டிருக்கிறேன். அன்றைக்குப் போல வெட்கப்பட்டதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

யோசித்துப் பாருங்கள்... அவன் 'பரவால்லீங்க' என்றான். நான் 'நார்மலுங்க' என்றேன். உள்ளதை உள்ளபடி சொன்னது அந்த நாலு சொட்டுத் தண்ணீர் மட்டும்தான். நாம் யாருக்காவது அப்படிச் சொல்கிறோமா?

இரண்டு வாரம் ஊசி, மருந்து. மண்டைக்குள் அழுத்தம் ஏற ஏற, முதுகிலிருந்து நீரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு நாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"பூஞ்சை வளரலீங்க. செல்லு ஏறியிருக்குது. சர்க்கரையும் ஏறிருச்சுங்க!"

சர்க்கரை ஏறியதற்குக் கைதட்டிய முதல் சர்க்கரை வியாதிக்காரன் நானாகத்தான் இருப்பேன். லட்டு வாங்க எழுந்தேன். சரோஜா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போயிருந்தேன். ஆள் இளைத்திருந்தாலும் தெளிவாக இருக்கிறான். ஹெச்.ஐ.வி. மாத்திரையையும் திரும்ப ஆரம்பித்தாயிற்று. இதை எழுதட்டுமா என்று இருவரையும் கேட்டேன்.

"பேரை மாத்திப் போடுங்க மாமா. வியாதியை மாத்திப்போடாதீங்க. மாத்திரைய நிறுத்துனவங்க நாலு பேரு படிக்கட்டும்" என்றாள் சரோஜா. சொல்லிக்கொண்டே அவன் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். விழுங்கினான். அவள் நகரவில்லை.

"வாயத் தொறங்க."

"ஏன், என்னைய நம்ப மாட்டியா?"

"ஒரு வருசம் நம்புனது போதுமுங்க. நாக்கைத் தூக்குங்க."