நாலாவது பத்தி

அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் விளம்பரம். பத்து வயதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, ஓவியத்துல தொண்ணூத்திரெண்டு!" என்று கூவிக்கொண்டு வந்தவள் அவள். அப்பா பூரித்துப் போவார். அண்ணன் மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கணக்குல எவ்வளவு?" என்பான்.

அப்படிப்பட்டவள் மார்க்கெட்டிங்குக்குப் போகாமல் வேறெங்கே போவாள்? பதினெட்டு வருஷம் மெத்தை விற்றாள். முதுகுவலிக்காரர்களுக்கு விற்றாள், முதுகுவலி இல்லாதவர்களை, வரப்போகிறது என்று பயமுறுத்தியும் விற்றாள். நாற்பத்திரண்டு வயதில் அதெல்லாம் அலுத்துப்போய், ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். ஒரு கம்பெனிக்குச் சங்கடம் வந்தால், அதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசனை சொல்கிற வேலை.

"அப்போ இனிமே கணக்கு மார்க்கையும் நீயே சொல்லணும். உன்னால ஆகுமா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆகும்னுதானே சேர்ந்திருக்கேன்" என்றாள் வீறாப்பாக.

புது அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கெட்ட செய்தி முதல் வரியில வரணும். கேட்கிறவங்க பாதியில எழுந்து போனாலும் விஷயம் தெரிஞ்சிருக்கணும்." விளம்பரம் சரி சரி என்று தலையாட்டினாள். பதினெட்டு வருஷப் பழக்கம் தலையாட்டினால் போய்விடுமா என்ன?

மூன்றாவது வாரம் அவளுக்கென்று முதல் வேலை வந்தது. தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று ஒரு பிரிவை மூடுகிறது. தொழிலாளர்களுக்கு அறிவிப்பு எழுத வேண்டும். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தாள். தொழிற்சாலையின் பெயரைப் பார்த்ததும் பகீரென்றது. பிரிவின் பெயரை இரண்டு தரம் படித்தாள். மெருகேற்றும் பிரிவு. அண்ணன் இருபத்திரண்டு வருஷமாகக் குழாய்களைப் பளபளப்பாக்குகிற இடம்.

அந்த நிமிஷமே மேலதிகாரியிடம் போய், "அங்க என் அண்ணன் இருக்கார், இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வந்த முதல் வேலையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அண்ணனிடமும் சொல்ல முடியாது. சரி, சொல்லத்தான் முடியாது, அவனுக்கு வலிக்காமல் எழுதவாவது செய்யலாமே என்று உட்கார்ந்தாள்.

பாசத்தைக் கொட்டி எழுதினாள். முதல் பத்தி முழுக்க மெருகேற்றும் பிரிவின் பெருமை. இரண்டாவதில் நன்றி. மூன்றாவதில் புதிய அத்தியாயம். நாலாவதில்தான் மூடும் தேதி. மேலதிகாரி படித்துவிட்டு நாலாவது பத்தியை வட்டமிட்டு, உச்சிக்கு ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டாள். விளம்பரம் அந்த அம்புக்குறியை வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் முகம் கண்முன் வந்து நின்றது. பத்திகளை மாற்றாமல் அப்படியே தொழிற்சாலை மேலாளருக்கு அனுப்பிவிட்டாள்.

"பிரமாதம்! படிச்சா எனக்கே வேலை போனா தேவலைன்னு தோணுது" என்றார் அவர்.

மறுநாள் காலை தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். அவள் பின்பக்கத் தூணுக்கு அப்பால் ஒண்டிக்கொண்டாள். அண்ணன் கதவோரம் நின்றிருந்தான், கையில் கரி படிந்த துணியோடு. மேலாளர் மைக்கில் படிக்க ஆரம்பித்தார். முதல் பத்தி முடிந்தது.

கைதட்டினார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் இருவரல்ல, கூடமே தட்டியது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். நன்றிக்கும் தட்டினார்கள். புதிய அத்தியாயம் என்றதும் அண்ணன், பக்கத்திலிருந்தவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பதறிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

லாரி நிற்கும் முற்றத்தில் அவன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாடி, எங்க பிரிவைத்தான் புகழ்ந்து தள்றாங்க. பெருசாக்கப் போறாங்க போலிருக்கு." திரும்பியவன் தங்கையைப் பார்த்து, இணைப்பைத் துண்டிக்காமலே செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். "அட, விளம்பரம்! நீ எங்க இங்க?"

கூடத்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. நாலாவது பத்தி வந்துவிட்டது.

"அண்ணா, உங்க பிரிவை மூடறாங்க. இந்த மாசக் கடைசியோட."

அவன் சிரித்தான். "போடி. இப்பதானே புது அத்தியாயம்னு படிச்சாரு?"

"அதை எழுதினது நான்தான்."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எங்கே போவதென்று தெரியாத மாதிரி. பிறகு அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். திட்டுவான், கையை ஓங்குவான் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள்.

"தப்பு என்மேலதான்" என்றான். "கணக்குல எவ்வளவுன்னு கேட்காம வெளிய வந்துட்டேன் பாரு. வீட்டுக்கும் சொல்லிட்டேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அண்ணி இன்னும் தொடர்பில்தான் இருந்தாள். "என்னங்க, சத்தத்தையே காணோம்? பதவி உயர்வும் உண்டா?" என்று கேட்டது இவள் காதிலும் விழுந்தது.

"நீ சொல்லு. என்னால முடியாது."

வாங்கிக் காதில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷ உழைப்பு, கம்பெனியின் நன்றி, புதிய அத்தியாயம் எல்லாம் நாக்கு நுனிக்கு வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அண்ணி, நான்தான். அண்ணனுக்கு வேலை போயிடுச்சு."