அன்னாசிக்குப் பத்தியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் நாய்க்குட்டி ஜிம்மி போர்ட்டிகோவில் ஆய் போனது.
2. அப்பா செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.
3. அவர் போய்ச் சேர்வதற்குள் ஜிம்மியே அதைத் தின்றுவிட்டது.
4. விருந்துக்கு வந்திருந்த சித்தப்பா, வாயில் வைத்த வடையை வெளியே எடுத்தார்.

முதல் முறையல்ல. ஆனால் வெளியாள் பார்த்தது அதுதான் முதல் முறை. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சித்தப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது.

"பேசாம பட்டறைக்கு அனுப்பிடுண்ணா. காவலுக்கு ஆச்சு. அங்க அது இன்னா தின்னா யாருக்கு இன்னா?"

"பரீட்சை லீவு வரைக்கும் பாப்பேன். நிறுத்தலைன்னா வந்து கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

நான் அப்போது நான்காம் வகுப்பு. ஜிம்மி போய்விடும் என்ற பயத்தைவிட, அது ஏன் அப்படிச் செய்கிறது என்ற கேள்விதான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. காரணம் தெரிந்தால் ஜிம்மியைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். பசியோ என்று என் இட்லியில் பாதியைப் போட்டேன். இட்லியையும் தின்றது, அதையும் தின்றது. வயிற்றில் பூச்சியோ என்று அம்மா கேம்ப் ரோடு பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் பூச்சி மாத்திரை கொடுத்தார், வேறு நோய் எதுவும் இல்லை என்றார். ஒருவேளை ருசியாக இருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன். காதைத் திருகினார்.

கடைசியில் வைத்தியமும் சித்தப்பாவிடமிருந்தே வந்தது. சாப்பாட்டோடு அன்னாசிப் பழம் கொடுத்தால் அப்புறம் அது நாய்க்கே பிடிக்காமல் போய்விடுமாம். பட்டறையில் யாரோ சொன்னார்களாம்.

அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். "ஆனா இதுக்குப் பத்தியம் உண்டுங்க" என்றாள்.

"நாய்க்கா?"

"வீட்டுக்கே."

அன்னாசி கொடுக்கும் நாட்களில் நாயின் காதில் அதட்டல் விழக்கூடாது. அடிக்க ஓங்கவும் கூடாது. அது வீட்டுக்குள் ஆய் போய்விட்டால் வாய் திறக்காமல் உடனே அள்ளிக் கழுவிவிட வேண்டும். சாப்பிட்டதும் தோட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே போனால் பிஸ்கட் தர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மருந்து முறிந்துவிடும்.

அப்பா பத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். கஷாயம் குடிக்கும் நாட்களில் கத்தரிக்காய் இருக்கும் பக்கமே திரும்பமாட்டார். ஆகவே இதற்கும் கட்டுப்பட்டார். ஆனால் சிரமப்பட்டார். ஜிம்மி ஹாலின் நடுவில் குந்தும்போது அவர் கை தானாகச் செய்தித்தாளுக்குப் போகும். சமையலறையிலிருந்து அம்மா "ஏங்க, பத்தியம்" என்பாள். அவர் தாளைப் பிரித்து, ஏற்கெனவே படித்த பக்கத்தையே மறுபடி படிப்பார்.

எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஜிம்மி அன்னாசியைத் தின்னவே இல்லை. ஒரு நக்கு நக்கிவிட்டு மூக்கால் தள்ளிவிடும். மீதியை நான் தின்பேன். அம்மா பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நக்குக்கே இவ்வளவு வீரியம் என்றால், முழுத் துண்டைத் தின்றால் நாய் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். சத்தம் பட்டால் அன்னாசிச் சாறு கெட்டுப்போகிறது என்பதைப் பள்ளியில் இரண்டு பேருக்கு விளக்கியும் இருக்கிறேன்.

பரீட்சை முடிவதற்குள் ஜிம்மி தின்பதை விட்டுவிட்டது. அழைத்துப்போக வந்த சித்தப்பா, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தீங்களா அண்ணி, நம்ம வைத்தியத்தை!"

"ஆமா தம்பி, நல்ல பழம்" என்றாள் அம்மா.

தரையில் அது கிடந்தால் அப்பா செய்தித்தாளோடு அடிக்க வருவார், கிடக்காவிட்டால் வரமாட்டார் என்பது மட்டுமே அந்தக் குட்டிக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பத்தியம் யாருக்காக விதிக்கப்பட்டது என்பதும் தெரியாது. அம்மா அந்தப் பத்தியத்தை எங்கேயும் படித்திருக்கவில்லை, அவளே யோசித்துச் சொன்னது என்பதை வேலைக்குப் போன பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜிம்மி பட்டறைக்குப் போகவில்லை. வயதாகி எங்கள் வீட்டிலேயே இறந்தது. இப்போதும் நாய் வளர்ப்பவர்கள் யாராவது இந்தத் தொல்லையைச் சொன்னால், அப்பா அன்னாசியைத்தான் சிபாரிசு செய்கிறார், பத்தியத்தையும் சேர்த்து. பலித்தது என்று திரும்பி வந்து சொல்கிறார்கள். அம்மா மறுத்துப் பேசுவதில்லை.