நின்றுகொண்டே தின்றது

என் வீட்டுக்காரருக்குக் காராச்சேவு இல்லாமல் ஒரு கவளம் இறங்காது. ரசத்துக்கும் அதுதான், தயிர்ச் சோற்றுக்கும் அதுதான். ஒரு பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுக்கே அதைத் தொட்டுக்கொண்டார். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் கம்பியோடு கிடந்துவிட்டு வருகிறவர், சாப்பிட உட்கார்ந்தால் டப்பாவைத்தான் முதலில் தேடுவார்.

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கடிச்சா ஒரு சத்தம் கேக்கணும். இல்லேன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது" என்றார்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். தன்னுடைய ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, சேவைக் கையில் கொடுத்தாள். அவர் கடித்தார், மென்றார், முகத்தைச் சுளித்தார். "நமத்துப்போச்சு. கடையை மாத்தணும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஹெட்போனைக் கழற்றி, அதே டப்பாவிலிருந்து இன்னொன்றைக் கொடுத்தோம். "இது நல்ல சேவு" என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோர் காதிலும் ஹெட்போனை மாட்டி ஆராய்ச்சி நடந்தது.

எனக்கு அவருடைய சேவுப் பித்து விளையாட்டாகப் படவில்லை. அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. இடைசெவல் பக்கம் அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மாத்திரை டப்பாவோடுதான் கல்யாண வீட்டுக்கே வருகிறார்கள். அதனால் வீட்டுச் சாப்பாட்டை நான் கையில் எடுத்தேன். காலையில் கம்பு தோசை, ராத்திரி குதிரைவாலிச் சோறு. மழை பெய்த பிறகு கரிசல் காட்டில் தானாகக் கொடி ஓடிக் காய்க்கிற அதலைக்காய் சந்தைக்கு வந்தால் விடமாட்டேன். சின்னக் காய்தான், கசப்பு பாகற்காயை மிஞ்சும். அதை வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வதக்கி, சேவுக்குப் பதிலாக அவர் தட்டில் வைத்தேன்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்துக் காதைச் சாய்த்தார். "சத்தம் வருது. ஆனா கசப்பு சத்தம்" என்றார்.

"பழகிரும், சாப்பிடுங்க."

"சின்னப் பிள்ளையில கம்பஞ்சோறு வேண்டாம்னு அழுதவன் நான். இப்ப திரும்பவும் அங்கனயே கொண்டு விட்டுட்ட" என்றார். ஆனாலும் சாப்பிட்டார்.

நான் லேபிள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற தீப்பெட்டி ஆபீசில் போன வருடம் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். வீட்டு ஆட்களையும் கூட்டிவரலாம் என்றார்கள். அவரை உள்ளே தள்ளத்தான் நான் போனேன். அவர் தயங்கியதால், துணைக்கு நானும் கையை நீட்டினேன்.

நர்ஸ் பெண் கேட்டாள். "வெறும் வயிறுதானக்கா?"

"ஆமாம்மா. ரெண்டு பேருமே ஒண்ணும் சாப்பிடல."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் சர்க்கரை ஏறியிருந்தது.

தாள் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டரம்மாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்ட் ஒன்று எழுதித் தந்தார். அதிலும் கூடுதலாகத்தான் இருந்தது. "என்ன சாப்பிடுதீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்கம்மா சாப்பிடுதேன்? அவியளுக்கும் பிள்ளைக்கும் வச்சுட்டு, கடைசியில ஒரு கை சோறு. அவ்வளவுதான்."

நான் பொய் சொல்லவில்லை. மனசார அதைத்தான் நம்பினேன். வீடு வந்ததும் அடுப்படியில் நின்று அழுதேன். அவர் கதவோரம் வந்து நின்றார். தன்னைப் படுத்தியதைச் சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு நானே அதலைக்காய் வாங்கிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் காலையிலிருந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் என்னை உட்காரவைத்து வாசித்தாள்.

"காலையில ஆறேகால், கல்லுல ஒட்டின தோசை ஓரம். கொஞ்ச நேரங்கழிச்சு, சட்னிக்கு உப்பு பாக்கன்னு ரெண்டு கரண்டி. நான் மிச்சம் வச்ச அரைத் தோசை, சீனி தொட்டு. காபி. திரும்பவும் காபி, ஆறிப்போனது. பதினோரு மணிக்கு உடைஞ்ச அப்பளம் நாலு. சேவு டப்பாவைக் கழுவுறதுக்கு முன்னால அடியில கிடந்த தூளு, உள்ளங்கை நிறைய. அப்பா மிச்சம் வச்ச..."

"போதும்ட்டி" என்றேன். "அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

"பின்ன அது எங்கம்மா போகுது?"

முகாமுக்குப் போன அன்று காலையில்கூட, அவளுக்குக் கட்டின டப்பாவில் மூடி அடையாமல் நீட்டிக்கொண்டிருந்த தோசைத் துண்டைக் கிள்ளி வாயில் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நர்ஸ் பெண்ணிடம் நான் கூசாமல் ஆமாம் என்றிருக்கிறேன். ஆபீசிலும் அப்படித்தான். யாராவது பிறந்தநாள் என்று மிட்டாய் நீட்டினால் வாங்கிப்போட்டுக்கொள்வேன். நாலு தரம் வருகிற டீயைக் கணக்கில் வைத்ததே இல்லை. நின்றுகொண்டு தின்றது எதுவும் எனக்குச் சாப்பாடாகத் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி ஏழரைக்கு அவர் மூன்று தட்டை எடுத்துவைத்தார். "இங்கன உக்காரு. மூணு பேரும் சேந்தே சாப்பிடுவோம்."

"யாரு பரிமாற?"

"சட்டி நடுவுல இருக்கு. அவங்கவங்க எடுத்துக்கிடுவோம்."

முதல் நாள் எனக்கு, விருந்துக்குப் போன வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டு முறை எழுந்தேன், ஒருமுறை உப்புக்கு, ஒருமுறை சும்மாவே. மகள் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, வைத்தால் அவரவரே நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அவள் சட்டம் போட்டாள்.

உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறவள். கல்யாணமாகி இருபது வருடத்தில் இது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் முடித்துக் கை காய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் பாதியில் இருப்பேன்.

நாலு மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்த்தோம். சர்க்கரை இறங்கியிருந்தது. ஆனால் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் சீனி போடாத டீ எனக்கென்று தனியாக வருகிறது. இன்னமும் சில நாள் கை தானாக அப்பளத்துண்டுக்குப் போகும். "அம்மா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். எப்படித்தான் தெரியுமோ அவளுக்கு.

நான் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அதிகம் பேசாத மனுஷன். கிணற்று மோட்டார், கிரைண்டர், எரிந்துபோன ஃபேன் என்று அன்றன்றைக்கு வந்தவற்றைப் பற்றிச் சொல்வார். போன வாரம் குளத்தூர்ப் பக்கமிருந்து வந்த மோட்டார் ஒன்றைத் திறந்தபோது உள்ளே மூன்று பல்லி முட்டை இருந்ததாம்.

"தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றாள் மகள்.

"இல்லட்டி. ஒரு தேங்காச் சிரட்டையில பஞ்சு போட்டு, கடை அலமாரியில வச்சிருக்கேன்."

நேற்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்து, நான் தயிருக்கு வந்த நேரத்தில், அந்தப் பல்லி முட்டையில் இரண்டு பொரிந்துவிட்டது என்று சொன்னார்.